கரூருக்குக் கொடுத்த குட்டி

பேனாவ மூடி வெய்யுங்க, அம்மிணி. படிவத்துல இருக்கற ரெண்டு பக்கக் கேள்விக்கும் பொறவு பதில் எழுதிக்கலாம். நாய்க்குட்டிக எங்கயும் போயிறாது. இப்பத்தான் ஆத்தாகிட்டப் பால் குடிச்சுப்போட்டு ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து தூங்குதுக. எந்திரிக்க முக்கா மணி நேரமாச்சும் ஆகும். தூங்கற குட்டியப் பாத்து யாரும் ஒண்ணும் கண்டுபுடிக்க முடியாதுங்க. எந்திரிச்சு நடக்கட்டும், அப்பத்தான் எது உங்க வீட்டுக்கு ஆகும்னு தெரியும்.

நீங்க உள்ள நொழஞ்சதும் அந்த மூலைல படுத்திருக்கறதக் காட்டி, "இது எத்தன மாசம், இதக் குடுப்பீங்களா"ன்னு கேட்டீங்க. பதினோரு மாசமுங்க. பேரு பஞ்சு. அது குடுக்கறதுக்கில்ல. ஒருக்காக் குடுத்துட்டு, நானே போய்த் திருப்பி வாங்கிட்டு வந்தது. எதுக்குன்னு கேக்கறீங்களா? சித்த உக்காருங்க. எங்க வீட்டுக்காரர்கிட்ட இதப் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சு மோட்டார் ரூமுக்குப் போயிர்றாரு. அக்கம்பக்கத்துல சொன்னா மானம் போயிரும். நீங்க வெளியூரு. கேட்டுட்டுப் போயிருவீங்க. எனக்கும் யார்கிட்டயாச்சும் முழுசாச் சொல்லிப்போடோணும், இல்லீன்னா தலையே வெடிச்சுரும் போல இருக்குது.

எம் பேரு பூங்கோதை. அது போர்டுலயே பாத்திருப்பீங்க. ஆறு வருசமாச்சுங்க இந்த வேலைய ஆரம்பிச்சு. எங்களுக்கு ஒரே பொண்ணு, மிருதுளா. பிசியோதெரபி படிக்கறேன்னு அவ சேலம் ஹாஸ்டலுக்குப் போனப்ப வீடு வெறிச்சுனு ஆயிப்போச்சு. அப்ப வாங்கினதுதான் இந்தச் சக்கரை. கோல்டன் ரெட்ரீவர். டவுன்ல ரேஸ் கோர்ஸ் ஏரியால ஒரு டாக்டர் வீட்டுல பூடில் வெச்சிருந்தாங்க. ரெண்டையும் சேத்து மொத ஈத்துல அஞ்சு குட்டி. டூடில்னு சொல்றாங்க. வர்றவங்க, "ஒரிஜினல் சாதியாங்க?"ன்னு கேப்பாங்க. கலப்புதானுங்க, அத எதுக்கு மறைக்கோணும்? ஒரே ஈத்துல ஒண்ணு சுருட்ட முடியா வரும், ஒண்ணு அலையலையா வரும், ஒண்ணு ஆத்தா மாதிரியே நீட்டமா வந்து வீடெல்லாம் முடி கொட்டும். "முடியே கொட்டாது, ஆஸ்துமாக்காரங்களுக்கும் ஒண்ணும் பண்ணாது"ன்னு வெளிய சொல்லி விக்கறாங்க பாருங்க, நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாலு தடவ வந்து மடில வெச்சுப் பாருங்க, தும்மல் வருதான்னு பாருங்கம்பேன்.

குட்டி வளக்கறது பெரிய வித்த ஒண்ணுமில்லீங்க. பாத்துட்டே இருக்கோணும். அவ்வளவுதான். பொறந்த அன்னிக்கே ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒரு கலர் நூல் கட்டிருவேன். எது ஆத்தாள முட்டிட்டுப் போகுது, எது ஒதுங்கிக் குடுக்குதுன்னு நோட்டுல எழுதி வெப்பேன். நாலாவது வாரத்துல எவர்சில்வர் தட்ட டமார்னு கீழ போடுவேன். எது ஓடி ஒளியுது, எது திரும்ப வந்து மோந்து பாக்குது? நாப்பத்தொம்பதாவது நாள் மடில மல்லாத்திப் போட்டு நெஞ்சு மேல கைய வெப்பேன். சிலது உசுரே போற மாதிரி ஒதைக்கும். சிலது கண்ணப் பாத்துட்டே அப்படியே கெடக்கும். வாயில்லாத சீவன் பாருங்க, அது சொல்லாது. நாமதான் கண்டுபுடிக்கோணும்.

குட்டியப் பாக்கறதவிட வர்ற குடும்பத்தத்தான் எச்சாப் பாப்பேன். மூணு தடவ வரச்சொல்லுவேன். வீட்டுல இருக்கற அத்தன பேரும் வரோணும். ஒருக்கா நான் அவங்க வீட்டுக்குப் போவேன். பகல்ல யாரு கூட இருப்பாங்க, யாரு தெனமும் சீவி விடுவாங்க, கோவம் வந்தா வீட்டுல யாரு கத்துவாங்கன்னு எல்லாங் கேப்பேன். ஒருக்கா ஒருத்தரு வந்தாரு, நல்ல வசதி, திருப்பூர்க்காரரு. அவரு சம்சாரத்தப் பாத்து நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னாரு. அந்தப் புள்ள வாயே தொறக்கல. நான் குடுக்க மாட்டேன்னுட்டேன். கூட இருக்கற மனுசியையே பேச விடாதவன் ஒரு குட்டிய எப்படி வெச்சிருப்பான்? எங்கண்ணு தப்பாதுங்க.

அந்தப் படிவத்துல கடைசி வரியப் படிச்சீங்களா? என்ன காரணமா இருந்தாலும் சரி, எத்தன வருசம் ஆனாலும் சரி, ஒத்துவரலீன்னா எங்கிட்டயே திருப்பிக் கொண்டாந்து விட்டுரோணும். ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன். எங்கயோ ஒரு எடத்துல கெடந்து அது வெசனப்படறத விட நம்ம வீட்டுல ஒரு மூலைல கெடக்கட்டும்.

மிருதுவுக்குப் போன வருசம் தை மாசம் கலியாணம். கரூர்ல. பெட்சீட்டு, திரைச்சீலை எல்லாம் நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பற குடும்பம். நம்ம சனந்தான். ஒரு ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வந்தாங்க, ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. மாப்ள பிரசன்னா தலையே நிமுரல. எதக் கேட்டாலும் அவங்கம்மா, சம்பந்தியம்மாதான் பதில் சொன்னாங்க. "என்ன தம்பி சாப்பிடறீங்க"ன்னு கேட்டா, "அவன் காப்பி குடிக்க மாட்டான்"னு அந்தம்மா சொல்றாங்க. இந்தக் காலத்துல இவ்வளவு அடக்கமா ஒரு பையனான்னு எனக்கு மனசு நெறஞ்சு போச்சுங்க. மிருது மட்டும் சமையக்கட்டுல வந்து, "அம்மா, அவர் கூட ஒருக்காத் தனியாப் பேசிப் பாக்கட்டுமா?"ன்னா. "கட்டிக்கிட்டுப் பேசு கண்ணு, ஆயுசு பூரா பேசலாம்"னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க.

அவ எதுத்துப் பேசற பொண்ணில்லீங்க. ஒதுக்கி வெச்சா ஒதுங்கி இருப்பா. பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான்.

சித்திரைல சக்கரை ஏழு போட்டா. அது தெரிஞ்சு சம்பந்தியம்மா ஃபோன் பண்ணினாங்க. "எங்க வீட்டுக்கும் ஒண்ணு குடுங்க, வர்றவங்க பாத்தா அழகா இருக்கும்." எனக்குக் கொஞ்சம் இடிச்சுதுங்க. அழகா இருக்கும்னு கேக்கறவங்களுக்கு நான் குடுக்கறதில்ல. ஆனா சம்பந்தி. எப்படி மூணு தடவ வரச்சொல்றது? எப்படிப் படிவத்த நீட்டறது?

அன்னிக்குப் பொழுது எறங்கினதும் மிருது ஃபோன்ல கூப்புட்டா. மெதுவாப் பேசினா.

"அம்மா, இங்க குட்டி குடுக்காத."

"ஏங் கண்ணு?"

"இந்த வீட்டுக்குக் குடுக்காதம்மா. இங்க யாரும் யாரோடயும் பேச மாட்டாங்க."

"நாய்க்கு என்னத்துக்குப் பேச்சு? நீ இருக்கீல்ல, நீ பேசு."

"நீ ஒரு வீட்டப் பாத்தா நாய்க்கு ஆகுமா ஆகாதான்னு சொல்லிருவீல்ல? இங்க வந்து ஒரு நாள் இருந்து பாரும்மா."

பாருங்க, எந்தொழில எனக்கே சொல்லித் தர்றா. எனக்கு உள்ளுக்குள்ள பெருமதான். நம்ம பொண்ணு குட்டிக மேல இவ்வளவு அக்கறையா இருக்கறாளேன்னு.

குடுக்கறதுன்னு ஆயிப்போச்சு, சரியான குட்டியாக் குடுக்கோணும்ல? சம்பந்தியம்மா ஃபோட்டோவப் பாத்து வெள்ளையா ஒண்ணக் கேட்டாங்க, மஞ்ச நூல். அது துள்ளல் குட்டி, கதவு சாத்தினா அரை மணி நேரம் குலைக்கும். பெரிய குடும்பத்துல அது நிக்காது. நான் பச்ச நூலத் தேர்ந்தெடுத்தேன். தட்டப் போட்டா ஓடாது, குலைக்காது, அப்படியே நின்னு நம்ம மூஞ்சியப் பாக்கும். மத்ததுக தின்னு முடிக்கற வரைக்கும் தள்ளி நிக்கும். மடில மல்லாத்தினா ஒதைக்கவே இல்ல. இதுதான் அந்த வீட்டுக்கு ஆகும்னு ஆனி மாசம் நானும் அவரும் கொண்டு போய்க் குடுத்துட்டு வந்தோம். மிருது வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா. அவதான் பஞ்சுன்னு பேரு வெச்சா. அவ அழுதா. சந்தோசத்துல.

ஆடிக்கு அவளக் கூட்டிட்டு வந்தோம். பதினஞ்சு நாள் இருந்தா. எச்சாப் பேசல. சக்கரை பக்கத்துல தரையிலயே உக்காந்திருப்பா, இல்லீன்னா தூங்குவா, பகலெல்லாம் தூங்குவா. போற அன்னிக்குக் காலைல பொட்டியெல்லாம் கட்டியாச்சு, இவ எந்திரிக்கவே இல்ல.

"இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமாம்மா?"

"எத்தன நாளு?"

"தெரியல. இருக்கட்டுமா?"

"நீ இங்க உக்காந்துட்டா அங்க பஞ்ச யாரு சீவி விடறது? இந்த முடிய ஒரு வாரம் சீவாம விட்டாச் சடை புடிச்சுரும்னு உனக்குத் தெரியாதா?"

கொஞ்ச நேரம் என்னயே பாத்துட்டு இருந்தா. அப்பறம் எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்தா. சொன்னாப் புரிஞ்சுக்கற பொண்ணுங்க.

அதுக்கப்பறம் தெனமும் பொழுதோட ஃபோன் வரும். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசுவா, பக்கத்துல சம்பந்தியம்மா டம்ளர் வெக்கற சத்தம் கேக்கும். நான் பஞ்சப் பத்தித்தான் கேப்பேன். அவளும் பஞ்சப் பத்தித்தான் சொல்லுவா. மொதல்ல எல்லாம் நல்லா இருக்குதுன்னா. ஆவணி பொறந்ததும் பேச்சு மாறிப்போச்சுங்க.

"பஞ்சு சரியாச் சாப்பிடறதில்லம்மா."

"ஏன்? தயிர்சாதத்துல முட்ட போட்டுப் பெசஞ்சு குடுத்தியா?"

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சதுக்கு அப்பறம் மேல கொண்டு போய் வெக்கறாங்க. தனியாச் சாப்பிடப் புடிக்கலியாட்ட இருக்குது."

இன்னொரு நாள், "மொட்ட மாடிலயே கட்டிப் போட்டிருக்கறாங்கம்மா. கீழ வந்தா ஆளுக வர்ற எடம்ங்கறாங்க. அதுக்கு ஒரு வேல வெட்டி இல்ல. சும்மாவே கெடக்குது"ன்னா. நான் துடிச்சுப் போயிட்டனுங்க. டூடிலுக்கு வேல இருக்கோணும், ஓடோணும், மோந்து பாக்கோணும், மூள அத்தன கெட்டி. கட்டி வெச்சா உள்ளுக்குள்ள செத்துப் போயிரும்.

புரட்டாசில ஒரு நாள் சொன்னா, "நேத்துக் கேட்டு தொறந்து கெடந்துச்சும்மா. பஞ்சு வெளிய போயிருச்சு. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயிருச்சு. புடிச்சுட்டு வந்துட்டாங்க."

"அய்யோ, அடிச்சாங்களா?"

"அடிக்கல. யாரும் ஒண்ணும் சொல்லல. ஒரு வாரமா யாருமே ஒண்ணும் சொல்லல. கேட்டுக்குப் புதுப் பூட்டு போட்டிருக்கறாங்க."

நேத்துப் போச்சுங்கறா, ஒரு வாரமாங்கறா. அதக்கூட நான் அப்ப யோசிக்கல. எம் மனசெல்லாம் அந்தக் குட்டி மேலதான். ஆறு மாசக் குட்டி, ரோடுல லாரி போற ஊரு. "ஃபோட்டோ அனுப்பு"ன்னேன். அனுப்பினா. நான் பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். காதுக்குப் பின்னால சடை கட்டியாத் தெரிஞ்சுது. கழுத்துல பட்டை ஒரசி முடி போயி ரோஸ் கலர்ல தோலு. கண்ணு ஓரம் அழுக்கு வடிஞ்சு காஞ்சிருக்குது. அதப் புடிச்சிருந்த மிருதுவோட கையும் தெரிஞ்சுது. வளையல் மணிக்கட்டுல நிக்காம முழங்கைக்குப் பக்கமா ஏறிக் கெடந்துச்சு. டயட்டு கியட்டு இருக்கறாளாட்டன்னு நெனச்சுட்டேன்.

அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. விடிஞ்சதும் வாடகைக் காரு புடிச்சு, அவரு வர மாட்டேன்னுட்டாரு, நான் மட்டும் கரூர் போனேன். வழியெல்லாம் அழுதுட்டே போனனுங்க. டிரைவர் பையன் வண்டிய ஓரங்கட்டித் தண்ணி வாங்கிக் குடுத்தான். "யாருக்கும்மா ஒடம்பு சரியில்ல?"ன்னு கேட்டான். என்னன்னு சொல்லுவேன்?

சம்பந்தியம்மா சோபால உக்காந்திருந்தாங்க. மாப்ள கம்பெனிக்குப் போயிட்டாரு. நான் செருப்பக்கூடச் சரியாக் கழட்டல, நேரா மொட்ட மாடிக்கு ஏறினேன். தண்ணித் தொட்டி நெழல்ல, ரெண்டு முழக் கயித்துல, செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடந்துச்சு. கூப்புட்டேன். வாலக்கூட ஆட்டல. தட்டுல சோறு காஞ்சு கெடக்குது. பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் சேரு, ஒரு தண்ணி பாட்டிலு, மிருதுவோட பழைய புஸ்தகம் ஒண்ணு. அவளும் மேலதான் உக்காந்திருப்பாளாட்ட இருக்குது. நல்ல பொண்ணு, குட்டிக்குத் தொணையா இருந்திருக்கறா.

கீழ வந்து நான் போட்ட ஓரியாட்டம் இருக்குதே, இப்ப நெனச்சாலும் கூசுது. "ஒரு உசுரக் கொண்டாந்து வெச்சுட்டு இப்படியா பண்ணுவீங்க? அன்பா ஒரு வார்த்த பேச ஆளில்லாம, ஒரு நல்ல காத்து இல்லாம, கட்டிப் போட்டு, என்னத்துக்கு வேணும்னு கேட்டு வாங்கினீங்க? வர்றவங்களுக்குக் காட்டறதுக்கா?" அப்படியெல்லாம் கேட்டுட்டேன். சம்பந்தியம்மாவுக்கு மூஞ்சி கறுத்துப் போச்சு. "குடுத்ததக் கேக்கறது எந்த ஊரு மொற?"ன்னாங்க. நான் கால்ல விழுந்துட்டனுங்க. ஆமாங்க, அந்தம்மா கால்ல. "தப்பாப் பேசியிருந்தா மன்னிச்சுக்கோங்க, எனக்கு எங்குட்டியக் குடுத்துருங்க, நான் கூட்டிட்டுப் போயிர்றேன், ஏன்னு கேக்காதீங்க, குடுத்துருங்க"ன்னு.

அந்தம்மா கால நகத்திக்கிட்டாங்க. எம் பின்னால பாத்தாங்க. திரும்பிப் பாத்தா மிருது சமையக்கட்டுக் கதவோரம் நிக்கறா. அவ மூஞ்சில ஒரு வெளிச்சம், அப்படியொரு வெளிச்சம், கலியாணத்துக்கு அப்பறம் நான் அதப் பாத்ததே இல்ல.

"எதச் சொல்றீங்க?"ன்னு சம்பந்தியம்மா கேட்டாங்க.

"பஞ்சத்தானுங்க."

"ஒரு நாய்க்கா இத்தன? கொண்டு போங்க."

நான் ஓடிப்போய் மாடிலருந்து பஞ்சத் தூக்கிட்டு வந்து காருல பின் சீட்டுல போட்டேன். நடக்கவே தெம்பில்ல அதுக்கு. மிருது கேட்டு வரைக்கும் வந்தா. தோள்ல ஒரு பையி. கால்ல செருப்பு. குட்டியோட சீப்பு, துண்டு எல்லாம் கொண்டு வர்றாளாட்டன்னு கைய நீட்டினேன். அவ குடுக்கல. பையோட வாரப் புடிச்சுட்டு நிக்கறா.

"அம்மா, பஞ்ச மட்டும்தான் கூட்டிட்டுப் போறியா?"

பொறாமையப் பாருங்க! சின்னப் புள்ளையாட்ட. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. "உனக்கு என்ன அவசரம்? தல தீபாவளிக்கு இன்னும் பதினெட்டு நாள்தான. நானும் அப்பாவும் மொறையா சீர் வெச்சு வந்து ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போறோம். இப்ப நீ எங்கூட வந்தா, நாய்க்காகச் சண்ட போட்டுப் பொண்ணக் கூட்டிட்டுப் போயிட்டான்னு பேச மாட்டாங்களா?"ன்னேன். அவ பைய எறக்கிக் கீழ வெச்சா. காருக்குள்ள தலைய விட்டுப் பஞ்சு நெத்தில ஒரு முத்தம் குடுத்தா. "நீ போ"ன்னா. குட்டிகிட்டத்தான் சொன்னா.

வீட்டுக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரர் கேட்டுல நின்னுட்டு இருந்தாரு. காருக்குள்ள எட்டிப் பாத்தாரு. அந்தப் பக்கமும் போய்ப் பாத்தாரு. அப்பறம் உள்ள போயிட்டாரு.

பத்து நாள் நான் பஞ்ச விட்டு நகரல. டாக்டர் வந்து சடையெல்லாம் வழிச்செடுத்தாரு. உள்ள புண்ணு, காதுல சீழு. ஸ்பூன்ல ஊட்டுனா ரெண்டு வாய் வாங்கும். மிருது கூப்புட்டா ஒரு நாள், நான் காது மருந்து ஊத்திட்டு இருந்தேன், "அப்பறம் பேசறேன் கண்ணு"ன்னு வெச்சுட்டேன். அடுத்த நாளு அவ கூப்புடல. பதினோராவது நாள் காலைல சம்பந்தியம்மா ஃபோனு.

"உங்க பொண்ணு உங்க வீட்டுலயா இருக்கறா?"

"இல்லீங்களே."

"அப்ப எங்கன்னு பாத்துக்கோங்க. நேத்துல இருந்து இங்க இல்ல."

அம்மிணி, அந்த நாலு நாளு. நான் எப்படி உசுரோட இருந்தேன்னு எனக்கே தெரியல. போலீசுக்குப் போகலாம்னா மானம். அவ கூடப் படிச்ச புள்ளைக வீட்டுக்கெல்லாம் ஏதோ பொய் சொல்லிட்டுப் போய் எட்டிப் பாத்தேன். பஸ் ஸ்டாண்டுல கரூர் பஸ்ஸு ஒவ்வொண்ணா ஏறி எறங்கினேன். பேரூர்ல ஆத்தங்கரைல போய் நின்னு தண்ணியப் பாத்துட்டு, அய்யோ நான் எதத் தேடறேன்னு நெனச்சு, திரும்பி ஓடி வந்தேன். எங்க வீட்டுக்காரர் மட்டும் கல்லாட்ட உக்காந்திருந்தாரு. அஞ்சாவது நாள் நான் செவுத்துல தலைய முட்டிட்டு அழுததப் பாத்துட்டுத்தான் வாயத் தொறந்தாரு.

"அவ நல்லா இருக்கறா. பீளமேட்டுல லேடீஸ் ஹாஸ்டல்ல."

மொத நாளே அவருக்குத் தெரியுமாம்! மொத நாளே அவருகிட்டப் பேசியிருக்கறா. "ஏன் எங்கிட்டச் சொல்லல?"ன்னு சட்டையப் புடிச்சேன். "உங்கிட்டச் சொன்னா மறுபடியும் கொண்டு போய்க் கரூர்ல விட்டுருவீன்னு சொன்னா"ன்னாரு. எங்காவது உண்டுங்களா? பெத்தவ நானு.

பீளமேடு இங்கிருந்து பதினஞ்சு கிலோமீட்டரு. அங்க ஒரு பிசியோ கிளினிக்குல வேலைக்குப் போறா. பெத்த வீடு இருக்கறப்ப ஹாஸ்டல்ல தங்கியிருக்கறா. மொத தடவ போனப்ப, தீபாவளிக்கு முந்தின நாள், கீழ எறங்கி வந்தா. "சம்பந்தியம்மாகிட்ட நான் பேசறேன், மாப்ளயும் வர்றேங்கறாரு, தல தீபாவளிய மட்டும் பண்ணிப்போடலாம்"னேன். திரும்பி மேல ஏறிப் போயிட்டா. அப்பறம் எறங்கல. வாராவாரம் போனேன். பொடி, ஊறுகா, அவளுக்குப் புடிச்ச கச்சாயப் பலகாரம், போர்வ, எல்லாம் வாட்ச்மேன்கிட்டயே திரும்பி வந்துரும். பத்தொம்பது தடவ. அந்த ரோட்டுக்கு எதுத்தாப்புல ஒரு பேக்கரி, அதுல உக்காந்து ஜன்னலப் பாத்துட்டு இருப்பேன். கோட்டுப் போட்டுட்டு வேலைக்குப் போவா. கூட நாலு புள்ளைக, சிரிச்சுட்டே போகுதுக. அவளும் சிரிப்பா. என்னயப் பாத்தா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்குவா.

போன ஞாயித்துக்கெழம பஞ்சக் கூட்டிட்டுப் போனேன். வேற என்ன பண்ணுவேன், சொல்லுங்க? வாட்ச்மேன் ஃபோன் போட்டு, "நாய் வந்திருக்குதும்மா"ன்னாரு. அவ்வளவுதான். ரெண்டே நிமிசத்துல வந்துட்டா. மண்ணுன்னு பாக்காம அப்படியே தரையில உக்காந்துட்டா. பஞ்சு அவ தாவாங்கட்டைக்கு அடில தலையக் கொண்டு போய் வெச்சுட்டு முனகுது முனகுது, நிறுத்தவே இல்ல. காத விலக்கிப் பாத்தா. கால் வெரலுக்கு நடுவுல முடியப் பாத்தா. எல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான். நான் கயித்தப் புடிச்சுட்டு நின்னுட்டே இருந்தேன்.

"வீட்டுக்கு வந்துரு கண்ணு"ன்னேன்.

அவ பஞ்சு காதையே தடவிட்டு இருந்தா.

"இந்தக் குட்டிக்காகவாச்சும் வந்துரு."

"இதுக்காகக் கரூருக்கு ஓடி வந்தீல்லம்மா. கால்ல விழுந்தீல்ல." தலைய நிமுத்தாமத்தான் சொன்னா. கோவமே இல்ல கொரல்ல.

எனக்கு அடக்க முடியல. நடு ரோடுன்னு பாக்காம அழுதுட்டேன். "அது வாயில்லாத சீவன் சாமி. அதுக்கு என்ன ஆச்சுன்னு நான்தான பாத்துக் கண்டுபுடிக்கோணும்? உனக்கு வாய் இருக்குதில்ல? ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருந்தா அம்மா வந்திருக்க மாட்டேனா? அந்த வீட்ட இடிச்சுப்போட்டு உன்னக் கூட்டிட்டு வந்திருக்க மாட்டேனா?"

அப்பத்தான் நிமுந்து எம் மூஞ்சியப் பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா.

"சொன்னேம்மா"ன்னா.

அப்பறம் எந்திரிச்சு, பின்னால மண்ணத் தட்டிட்டு, பஞ்சு தலைய ஒருக்காத் தடவிட்டு, உள்ள போயிட்டா. பஞ்சு கேட்டு கிட்டயே உக்காந்துக்கிச்சு, இழுத்தாலும் வர மாட்டேங்குது. தூக்கிட்டுத்தான் வந்தேன்.

அன்னில இருந்து எனக்குத் தூக்கமில்லீங்க. எட்டு நாளாச்சு. கலியாணத்துல இருந்து ஒவ்வொண்ணா எடுத்து எடுத்துப் பாக்கறேன். ஃபோன்ல பேசினது, ஆடிக்கு வந்தது, அந்தக் கேட்டுல நின்னது, எல்லாத்தையும். குட்டிக பத்தி எழுதற நோட்டையெல்லாங்கூட எடுத்துப் பாத்தேன், தேதி வாரியா எழுதுவேன்ல, அவ ஃபோன்ல சொன்னதெல்லாம் அதுல இருக்குது, பஞ்சு சாப்பிடல, பஞ்சு தனியா இருக்குது, பஞ்சு ஓடிப் போச்சுன்னு. அவளப் பத்தி ஒண்ணுமே இல்ல. நான் கஷ்டப்படறேன்னு அவ ஒரு நாளும் சொல்லலீங்க. சத்தியமாச் சொல்லல. நீங்க படிச்சவங்க, இப்ப ஆரம்பத்துல இருந்து முழுசாக் கேட்டீங்க, நான் ஒண்ணக்கூட மறைக்கல. ஏன் இப்படிப் பாக்கறீங்க? அழுகறீங்களா? அழுகாதீங்க. சொல்லுங்க அம்மிணி, எனக்குத் தெரியோணும். எங்கிட்ட அவ எப்பங்க சொன்னா?